கொல்லிப்பாவையும் வேனில் வெம்மையும்

நற்றிணையின் 201ஆம் பாட்டில் பரணர் கொல்லிப்பாவையின் அழியா வனப்பைப் புகழ்கின்றார். அப்பாவைக்கு நேரக்கூடிய கேடுகளையும் அவர் ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். பெருங்காற்று, கடுமழை, இடி, நிலநடுக்கம் ஆகியவை ஆங்குச் சுட்டப்படுகின்றன. எஞ்சிய ஊறுகள் யாவும் ஒரு பொதுச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. வேனிலின் வெப்பம் அந்நிரலில் தனியிடம் பெறவில்லை. ஒரு பாட்டில் ஒரு பொருள் கூறப்படாமையைக் கொண்டு பெருமுடிபு காண்டல் ஆராய்ச்சி நெறிக்கு ஒத்ததன்று. எனினும், குறுந்தொகையில் கபிலரும் பரணரும், அகநானூற்றில் பரணரும் கல்லாடனாரும் கொல்லியைக் குறிக்கும் இடங்களை உடன்வைத்து நோக்கின், அம்மலை அருவியும் பலாவும் தெய்வப்பாவையும் உடைய தண்ணிய இடமாகவே சான்றோர் உள்ளத்தில் நின்றது என்பது புலனாகும்.

வல்வில் ஓரி ஆண்ட அம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தின்கண் உள்ளது. சேலம் மாவட்டத்தினின்றும் 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. காரவள்ளி என்னும் அடிவாரத்தினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவார் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்துகிடக்கும் மேட்டுநிலத்தை அடைவர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என ‘நாடு’ என்னும் பெயரோடு வழங்கும் ஊர்த்தொகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலைமேலும் மலையடியிலும் வாழ்வார் வேனிலின் கடுமையைத் தம் மனைக்கண் இருந்து தாங்குதற்கு நம் இலக்கியமும், வீடு கட்டும் மரபும், இற்றை அறிவியலும் யாது கூறுகின்றன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை அளவால் அறிதல் வேண்டும். உயரம் 1,000 மீட்டர் மிகுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது பொதுவிதி. சமவெளியில் 40 பாகை காயும் நாளில் கொல்லிமலை மேட்டில் 33, 34 பாகை இருத்தல் கூடும். கீழிருந்து செல்வார்க்கு அது தென்றலாகத் தோன்றும். மேலே பிறந்து வளர்ந்தார்க்கு அதுவே தீயாகும். உடல் தான் பழகிய வெப்பத்தையே இயல்பெனக் கொள்ளுமாகலின், வெப்பத்தின் தீமை வெப்பமானியின் எண்ணில் மட்டும் இல்லை. பழக்கத்தினின்று அது விலகும் தொலைவிலும் உள்ளது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘வெப்ப அலை’ என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து இவ்வுண்மையைப் போற்றியுள்ளமை பாராட்டற்குரியது. சமவெளியில் 40 பாகையும், கடற்கரையில் 37 பாகையும், மலைநாட்டில் 30 பாகையும் எல்லையாக வகுக்கப்பட்டுள்ளன. அவ்வெல்லையை எய்துவதோடு, அந்நாளுக்குரிய இயல்பான வெப்பத்தினும் 4.5 பாகையேனும் மிகுதல் வேண்டும் என்பதும் அதன்கண் அடங்கும்.

மலைக்கு 30 பாகையே எல்லை என்பதைக் கேட்டுச் சமவெளியார் நகுதல் உண்டு. சிலப்பதிகாரக் காடுகாண் காதையை நினைவார் நகார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியுங்கால் பாலையின் வடிவத்தை மேற்கொள்ளும் என்று மாங்காட்டு மறையோன் வாயிலாக இளங்கோவடிகள் உரைக்கின்றார். பாலை என்பது தனித்ததொரு நிலம் அன்று. எந்நிலமும் தன் இயல்பு கெட்ட நிலையே அது. மலைக்கு ஓரளவும் வெளிக்கு ஓரளவும் வகுக்கும் இற்றை வரையறையும் இக்கருத்தின் மேல் நிற்பதே. இயல்பினின்று திரிதலே கேட்டின் அளவுகோல் என்பது இரண்டற்கும் பொது.

இனி, பாலைத்திணையின் மரபு ஈண்டு ஒரு தடையாகவும் நிற்கின்றது. தொல்காப்பியர் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தார். பாலைப் பாட்டுக்களில் வெப்பம் வழியின்கண் உள்ளது. சுரம் கடக்கும் தலைவனே அதனை நுகர்கின்றான். தலைவி மனைக்கண் இருந்து வருந்துகின்றாள். அவ்வருத்தம் பிரிவால் ஆயதேயன்றி வெயிலால் ஆயதன்று. அகநானூற்றின் 209ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. பாலைத்திணையின்பாற்படும் அப்பாட்டில் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியைக் கூறுகின்றார். தலைவன் கடந்து சென்ற கடுவழி புல்லியின் வேங்கடத்துக்கு அப்பாலுள்ளது. கொல்லியோ மனையுறை தலைவியின் நலத்துக்கு உவமையாகிய பாவை நிற்கும் இடமாக வருகின்றது. வெம்மை புறத்தது, தண்மை அகத்தது என்னும் பகுப்பு அப்பாட்டின் அமைப்பிலேயே கிடக்கின்றது. வீடு நிழலிடம் என்றும், அதனுள் புக்கார்க்கு வெப்பம் இல்லை என்றும் நாம் இன்றும் எண்ணுதற்கு இப்பழைய பகுப்பும் ஒரு காரணம் போலும்.

அவ்வெண்ணம் உயிர்க்கேடு விளைப்பதாதலை அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. கனடா நாட்டின் பிரிட்டிசு கொலம்பியா மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு சூன் 25 முதல் சூலை 1 வரை அடித்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தனர். அவருள் 98 விழுக்காட்டினர் கட்டடத்தினுள்ளேயே அவ்வெப்பத்துக்கு இரையாயினர். மூவரில் இருவர் 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர். பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தோர். பிரான்சு நாட்டில் 2003 ஆகத்து மாதத்தில் ஏறத்தாழ 15,000 பேர் மாய்ந்தனர்; கூரைக்கு நேர்கீழ் அமைந்த அறையில் உறங்குதல் முதியோர் இறப்புக்கு ஏதுவாயிற்று என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். அவை குளிர்நாடுகள், வெப்பத்தை நோக்கிக் கட்டப்படாத வீடுகள். கொல்லிமலையும் தன் அளவில் ஒரு குளிர்நாடே என்பதை ஈண்டு மறத்தலாகாது. நம் நாட்டில் வயலிலும் சாலையிலும் கட்டடப்பணியிலும் வெயிலில் உழைப்போர் இறத்தலும் மிகுதி. அதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் முதியோரும் பச்சிளங் குழவியரும் நோயாளரும் வெயிலில் நடந்து இறப்பவரல்லர். அறையுள் கிடந்து இறப்பவர்.

அங்ஙனமாயின், மனைக்கண் வேனிலைத் தாங்கிய முறைகள் நம் பழம்பாட்டுக்களில் யாண்டும் இல்லையோ எனின், உள. வேனிற் பாட்டுக்களில் தேடுவார்க்கு அவை எளிதிற் கிடைப்பனவல்ல. கூதிர்க்காலத்தைப் பாடிய நெடுநல்வாடையில் அவை தொகுதியாகக் கிடைக்கின்றன என்பது வியப்பாகும். நக்கீரர் மழையும் வாடையும் வருத்தும் நகரத்தைப் பாடுகின்றார். அக்குளிரில் எவ்வெப்பொருள் பயனின்றிக் கிடந்தன என்று அவர் எண்ணிச் செல்லும் வாயிலாக, வேனிலில் எவ்வெப்பொருள் பயன்பட்டன என்பது நமக்குத் தெரியவருகின்றது. சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. சிவந்த ஆலவட்டம் சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றது. மேல்நிலையில் அமைந்த வேனிற்பள்ளியின் தென்காற்றுச் சாளரம் தாழிடப்பட்டுள்ளது. குறுகிய வாயையுடைய கன்னலில் வைத்த தண்ணீரை உண்பாரில்லை. தீச்சட்டியைச் சூழ்ந்து குளிர்காய்வாரே உளர். இதனினும் நிறைந்த வேனிற்பொருட் பட்டியல் ஒன்று சங்கப் பாட்டில் வேறிடத்துக் கிடைத்தல் அரிது என்பது எம் கருத்து.

இந்நான்கும் செல்வர் மனைக்குரியன; ஏழை மனைக்கு வேனிற்பள்ளி ஏது? எனினும் அவற்றின் தொழிற்பாடு செல்வர்க்கும் வறியர்க்கும் ஒன்றே ஆகலின் ஒவ்வொன்றையும் சிறிது விரித்துக் காண்டல் பயனுடையது.

கன்னல் நீரை முதற்கண் கொள்வோம். சுட்ட மண்கலத்தின் நுண்துளை வழியே நீர் கசிந்து புறத்தே பரவி ஆவியாகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் கலத்தினின்றும் உள்நீரினின்றும் கவரப்படுதலால் எஞ்சிய நீர் குளிர்கின்றது. வாய் குறுகியிருத்தலால் புறக்காற்று உள்ளே புகுந்து நீரை வெதுப்புதல் குறையும், தூசும் புகாது. சந்தனத்தின் செயலும் இதன் இனமே. அரைத்த சாந்தில் உள்ள ஈரம் மார்பிலும் தோளிலும் இருந்து மெல்ல ஆவியாகி உடல் வெப்பத்தைக் கவர்கின்றது. சாந்தின் குளிர்ச்சியிற் பெரும்பகுதி நீரின் குளிர்ச்சியே. மணம் மட்டும் மரத்தினது. இக்கருத்தைச் சந்தனத்துக்கு இழுக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. நனைத்த துணியும் அப்பயனைத் தரும் என்பதை ஏழை எளியோர் அறிதற்காகவே கூறினேம்.

ஆலவட்டம் காற்றைப் புதிதாக உண்டாக்குவதன்று. உடலைச் சூழ்ந்து நிற்கும் ஈரக்காற்றை அகற்றி வியர்வை விரைந்து ஆவியாதற்குத் துணை செய்வது. அதன் வழித்தோன்றலாகிய மின்விசிறியும் அத்தகையதே. ஆகவே அதற்கு ஓர் எல்லை உண்டு. அறையின் வெப்பம் 40 பாகையைக் கடந்தபின் விசிறி உடலைக் குளிர்விப்பதை விடுத்து அனலை உடலின்மேல் வீசுவதாகிவிடும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கின்றது. அந்நிலையில் உடலை நனைத்தலும் வேறிடம் பெயர்தலுமே வழி.

வேனிற்பள்ளி நான்கினும் சிறந்தது. தென்றல் வரும் திசையில் வாயில் வைத்து, மரமும் மதிலும் மறைக்காத மேல்நிலையில் அறை அமைத்தனர். அதனினும் நுட்பமானது, பருவத்துக்கேற்பவும் பொழுதுக்கேற்பவும் மனைக்குள்ளேயே இடம்பெயர்ந்து உறைந்த பழக்கம். சிலப்பதிகார மனையறம்படுத்த காதையில், இடைநிலை மாடத்து இருந்த கோவலனும் கண்ணகியும் சாளரத்தின் வழியே தென்றல் புகுந்த அளவில் மேலேறி நிலாமுற்றத்தை அடைகின்றனர். அதனைக் காதற் குறிப்பு என்று மட்டும் கொள்வது உரைமரபு. வீட்டியலார்க்கு அது மாலைப்பொழுதில் கூரைக்கீழ் இருந்து திறந்தவெளிக்குப் பெயரும் வேனில் வழக்கமாகவும் தோன்றும். ஒரே அறையில் ஒரே கட்டிலில் ஆண்டு முழுதும் உறங்குதல் அண்மைக்கால வழக்கமே. திண்ணை, முற்றம், மாடி, மரத்தடி என்று இடம் மாறி உறங்கிய தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்றும் வேண்டப்படுகின்றது. ‘வெப்ப அலை’ என்பது செய்தித்தாள்கள் பரப்பிய மொழிபெயர்ப்புச் சொல். அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் மக்கள் வழக்கில் வெப்பத்துக்குப் பல சொற்கள் உள. அவை ஒருபொருட் பன்மொழியாகா. வெயில் என்பது ஞாயிற்றின் நேரொளி. அனல் என்பது நெருப்பினின்றோ காய்ந்த காற்றினின்றோ வீசுவது. வெக்கை என்பது தரையும் சுவரும் கூரையும் உமிழும் வறண்ட சூடு. புழுக்கம் என்பது காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராத நிலை. இறுதி இரண்டையும் பிரித்தறிதல் வாழ்வுக்கு இன்றியமையாதது. வானிலையாளர் உலர்குமிழ் வெப்பமானி, ஈரக்குமிழ் வெப்பமானி என இரண்டு கருவி கொண்டு அறிவதை நாட்டுப்புறத்து மூதாட்டி இரண்டு சொல் கொண்டு அறிகின்றாள். வெக்கை நாளில் சாளரத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுதலும், தரையில் நீர் தெளித்தலும், மண்பானையும் பெரும்பயன் தரும். புழுக்க நாளில் அவை பயன்படா. தெளித்த நீர் காற்றின் ஈரத்தை மிகுவித்து இன்னலைப் பெருக்கும். அன்று காற்றோட்டமே மருந்து. ஒரே அறிவுரையை எல்லா ஊர்க்கும் எல்லா நாளுக்கும் கூறுவார் இவ்வேறுபாட்டை நோக்குதல் வேண்டும்.

இனி மலைமேல் உள்ள வீட்டிற்கு வருவோம். கொல்லிமலையின் பழைய குடில் மண்சுவரும் மூங்கிலும் மரமும் கொண்டு அமைந்தது; கூரை மலைப்புல்லால் வேயப்பட்டது. இறப்பு தாழ்ந்து வரும். குனிந்தே உட்புகுதல் வேண்டும். சாளரம் மிகக் குறைவு. காற்றுக்கும் மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கட்டிய அமைப்பு இஃது என்பது வெளிப்படை. பரணர் பாட்டில் பாவைக்கு நேரும் ஊறுகளாக வரும் காற்றும் மழையுமே இக்குடிலின் வடிவத்தையும் வகுத்தன எனின் மிகையாகாது. வெயிலுக்கென இது கட்டப்படவில்லை. ஆயினும் வெயிலையும் இது நன்கு தாங்கியது. புல்லடுக்கின் இடையிடையே தேங்கிய காற்று வெப்பத்தைக் கடத்தாது. தாழ்ந்த இறப்பு சுவரின்மேல் வெயில் படாது காக்கும். தடித்த மண்சுவர் பகலின் சூட்டை உடனே உள்ளே விடாது. விடுதற்கு முன்னரே மாலை வந்து, மலைக்காற்று அதனைக் குளிர்வித்துவிடும். குடிலை அடுத்து நிற்கும் பலா முதலிய மரங்களின் நிழல் இவற்றுக்கு மேலும் ஒரு கூரையாயிற்று.

அக்கூரை மறைந்து வருகின்றது. இதற்கு மக்களைப் பழித்தல் தகாது. புற்கூரைக்குத் தீயச்சம் உண்டு. சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி வேய்தல் வேண்டும். எலியும் பூச்சியும் குடியேறும். உறுதியான கூரையை விரும்புவது யார்க்கும் இயல்பே. ஆயினும் மாற்றாக வந்த கூரைகள் வேனிலில் எவ்வாறு நடக்கும் என்பதை அவற்றின்கீழ் வாழ்வார் அறிதல் வேண்டும். தகரத்தகடும் கல்நார்த் தகடும் மெல்லியவை. ஞாயிறு ஏறிய அளவில் அவை சுட்டு, நண்பகலில் கீழிருப்பாரின் தலைமேல் வெப்பத்தைப் பொழியும்; இரவில் விரைந்து ஆறும். கற்காரைத் தளம் இதற்கு மாறானது. பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, சில நாழிகை கழித்தே அதனைக் கீழே உமிழத் தொடங்கும். மாலையில் புறத்தே தென்றல் வீசும்போது அறையுள் வெக்கை உச்சத்தை எய்தும். நள்ளிரவிலும் அது தணியாது. ஆகவே தகரக் கூரையார் நண்பகலில் அதன்கீழ் இருத்தலாகாது. கற்காரை வீட்டார் முன்னிரவில் அதன்கீழ் உறங்கலாகாது. இருவர்க்கும் பொழுது வேறு. ஒரே விதி பொருந்தாது. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்பது தொல்காப்பியம். மலைமேல் கற்காரைத் தளம் பரவுமாயின், பாலைக்குரிய வெம்மை நண்பகலோடு நில்லாது குறிஞ்சியின் யாமத்தையும் பற்றிக்கொள்ளும் என்க.

உலக நலவாழ்வு நிறுவனம் வேனிற்காலத்தில் அறையின் வெப்பம் பகலில் 32 பாகைக்கும் இரவில் 24 பாகைக்கும் கீழ் இருத்தல் நன்று எனக் கூறுகின்றது. குழவியர்க்கும் 60 வயது கடந்தோர்க்கும் அது சிறப்பாக வேண்டப்படும். சமவெளியில் சேலத்திலோ கரூரிலோ வைகாசி இரவில் பொறியின் துணையின்றி 24 பாகையை எய்துதல் அரிது. கொல்லிமலையிலோ இரவுக்காற்றே அவ்வளவை எளிதில் தரவல்லது. அதனை வீட்டினுள் விடுதலே வேண்டுவது.

இத்தாங்குமுறைகளைத் தொடங்கும் காலம் பற்றியும் ஒரு கருத்து உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது உரையாசிரியர் வகுத்த முறை; தொல்காப்பியர் மாதப்பெயர் கூறவில்லை. இன்று கத்திரி வெயில் எனப்படும் கடுங்கோடை சித்திரை இறுதியிலும் வைகாசி முற்பகுதியிலும் வருகின்றது. அஃதாவது நூல்வழக்கின்படி இளவேனிலில் வருகின்றது. ஆனி பிறந்தபின் மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வெம்மையைத் தணிக்கின்றது. இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணம் வானியலிற் கிடைக்கும். நம் மாதக்கணக்கு விண்மீன்களைச் சார்ந்தது. பருவமோ ஞாயிறு நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளைச் சார்ந்தது. இரண்டற்கும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வேறுபாடு விளைகின்றது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் இரண்டும் ஒன்றியிருந்தன என்று கணிப்பர். இன்று வேறுபாடு 24 நாள். ஞாயிற்று மாதக்கணக்கு அக்காலத்தே வழங்கியதாகக் கொள்ளின், இன்று வைகாசித் தொடக்கத்தில் நேரும் உச்சவெப்பம் அன்று வைகாசி முடிவில், ஆனியின் வாயிலில் நேர்ந்திருக்கும். நச்சினார்க்கினியர் வாழ்ந்த பதினான்காம் நூற்றாண்டினின்று கணக்கிடினும் ஒன்பது பத்து நாள் பெயர்ச்சி உண்டு. இஃது ஒன்றே முரண்பாட்டை முற்றத் தீர்க்கும் என்று கூறேம். வீட்டார்க்கு இதனால் விளையும் பயன் எளிது: முதுவேனில் என்னும் பெயரை நம்பி ஆனிவரை காத்திராது, பங்குனியிலேயே கூரையைச் செப்பம் செய்தல் வேண்டும்.

கற்காரைத் தளத்தின்மேல் சுண்ணாம்பு வெள்ளை பூசுதல் செலவு குறைந்த முறை. வெண்மை ஒளியைத் திருப்பி விடுதலால் தளம் உண்ணும் வெப்பம் குறையும். தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டில் குளிர்கூரைக்கெனவே ஒரு கொள்கை வகுத்தது. தகரக்கூரையின்மேல் தென்னங்கீற்றோ புல்லோ பரப்புவார் பழைய கூரையைப் புதியதன்மேல் மீண்டும் வேய்கின்றனர். தீக்கு அஞ்சி அடுப்பின் புகைவழியை மட்டும் அதனினின்று விலக்கி வைத்தல் வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் உள்ள சாளரங்களுக்கு உட்புறத் திரையினும் புறத்தே தொங்கும் தட்டி சிறந்தது. வெயில் கண்ணாடியையோ கதவையோ தீண்டும் முன்னரே தடுக்கப்படுதல் நன்று. வெளிக்காற்று உட்காற்றினும் சூடாக உள்ள பொழுதில் சாளரத்தை அடைத்து, அந்தி சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்தபின் எதிரெதிரே இரண்டு வாயிலைத் திறத்தல் வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். பகலில் காற்றுக்கெனத் திறந்து, இரவில் அச்சத்தால் அடைக்கின்றனர். கம்பியிட்ட சாளரமும் கொசுவலையும் இவ்வச்சத்தைப் பெரிதும் போக்கும்.

உணவிலும் வெப்பந் தாங்கும் அறிவு உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் கொல்லிமலையின் பழம்பயிர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவள்ளி அவற்றின் இடத்தைப் பெரிதும் கவர்ந்தது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குச் சிறுதானியங்களைக் காக்கும் பணியை மேற்கொண்டது. முந்தை மாலையில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழையும், நீரூற்றிய பழஞ்சோற்றையும் மோரும் உப்பும் கலந்து காலையில் உண்டலை ‘உடற்குக் குளிர்ச்சி’ என்பர். நீரும் உப்பும் ஒருங்கே உட்செல்லுதல் அதன் ஒரு பயன். மற்றொரு பயனைப் பலரும் நோக்குவதில்லை: அவ்வுணவுக்கு நண்பகலில் அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை. சிறு வீட்டில் அடுப்பு அறைக்குள்ளேயே எரியும் மற்றொரு ஞாயிறு. வேனிலில் அதனை மாலையில் மட்டும் எரித்த முறை பெண்டிரின் உடலைக் காத்த முறையுமாம்.

வியர்வை மிகுந்து தளர்ந்தார்க்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டிய அளவாகக் கலந்து சிறிது சிறிதாகத் தருதல் நன்று. உப்பு மிகின் தீங்கு. குருதியழுத்தம், சிறுநீரகம், நெஞ்சு ஆகியவற்றில் நோயுடையார் மருத்துவர் கூறிய அளவையே கொள்ளல் வேண்டும். முதியோர்க்கு நீர்வேட்கை மங்கிவிடுதலால் அவர் கேட்கும்வரை காத்திராது கொடுத்தல் வேண்டும்.

வெப்பத்தாக்கு என்பது இதனினும் வேறான கொடிய நிலை. உடல்வெப்பம் 40 பாகையைக் கடக்கும், பேச்சு குழறும், அறிவு தடுமாறும், வலிப்பு வரலாம், தோல் வறண்டு சுடுதலும் உண்டு, வியர்த்திருத்தலும் உண்டு. காய்ச்சலுக்குரிய மாத்திரை இதற்குப் பயன்படாது. 108 என்னும் எண்ணுக்குச் செய்தி அனுப்பிய உடனே, நோயாளியை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரூற்றி விசிறுதல் வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி வைத்தல் நன்று. அறிவிழந்தார் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலிற் புகும். எழுபது வளைவு கடந்து ஊர்தி வருதற்குள் உடலைக் குளிர்வித்தலே உயிரைக் காக்கும் செயலாதலின், மலைநாட்டார் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெப்பம் பல நாள் 40 பாகையைக் கடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தார் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வகைசெய்தது. இஃது வேண்டப்பட்ட செயலே. வெயிலில் வீழ்ந்தார் இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்பது எளிதில் தெளிவாகும். இரவில் அறையுள் உறங்கியவாறே இறந்த முதியோர் இறப்போ நெஞ்சுநோய் என்றோ மூப்பு என்றோ எழுதப்பட்டுவிடுதல் எங்கும் காணும் இயல்பு. அறையின் வெப்பத்தை அளந்தாரில்லாத இடத்து அதனை மறுத்தற்கும் வழியில்லை.

தமிழ்த்துறை மாணவர் கொல்லிமலைக்குக் கள ஆய்வு செல்லுதல் பெரும்பாலும் ஓரி, பாவை, அறப்பளீசுவரர் கோயில் ஆகியவற்றைக் கருதியே. இனிச் செல்வார் மலையாளி மக்களின் குடிலுறுப்புப் பெயர்களையும் தொகுத்தல் வேண்டும்: கூரைப்புல்லின் வகைகள், இறப்பின் பெயர், உறங்குமிடத்தின் பெயர், வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் அம்மக்கள் வழங்கும் சொற்கள். உடன் இரண்டு வெப்பமானிகளும் கொண்டு செல்லுதல் நன்று. புற்கூரையின்கீழ் ஒன்றும் கற்காரைத் தளத்தின்கீழ் ஒன்றுமாக வைத்து, வைகாசி மாதத்தில் நண்பகலிலும் யாமத்திலும் வைகறையிலும் எண்ணைக் குறித்துவரின், ஒரு திங்களில் பயன்மிக்கதோர் ஏடு கிடைக்கும். புற்கூரைக் குடில்கள் மேலும் குறையுமுன் அதனைத் தொடங்குதல் வேண்டும்.